டிவிடியிலிருந்து மாற்றிய வீடியோவில் சீப்புக் கோடும் மங்கலும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒரே கோளாறு திரும்பத் திரும்ப என் கைக்கு வருகிறது. குடும்ப விழாவையோ மேடை நாட்டியத்தையோ பதிந்த பழைய டிவிடியை யாரோ கணினிக் கோப்பாக மாற்றியிருப்பார்கள். ஓடும் குழந்தையின் கைகால்களில் சீப்புப் பற்கள்போலக் கோடுகள் தெரியும். அல்லது முகங்களெல்லாம் பனி படர்ந்ததுபோல் மங்கியிருக்கும். "தட்டு பழையதாகிவிட்டது, இனி இவ்வளவுதான்" என்று தட்டைத் தூக்கி எறியவும் தயாராக இருப்பார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் தட்டில் படம் நன்றாகவே இருந்தது. மாற்றும்போது செய்த ஒரு தவறான தெரிவுதான் அதைக் கெடுத்திருந்தது. கெட்ட கோப்பை வைத்துக்கொண்டு போராடுவதைவிடத் தட்டிலிருந்து மறுபடி தொடங்குவது எளிது, பலனும் அதிகம்.

## எதையும் தொடுவதற்கு முன்

தட்டில் உள்ளதை ஒரு புள்ளிகூட மாற்றாமல் கணினிக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேக்எம்கேவி என்ற மென்பொருள் இதற்குப் போதும். அது வீடியோவை மறுபடி சுருக்காது. தட்டில் இருக்கும் எம்பெக்-2 வீடியோவை (டிவிடி வீடியோவின் சுருக்க வடிவம்) அப்படியே எம்கேவி என்ற கோப்பு உறைக்குள் வைத்துத் தரும். தட்டைத் திறந்து, உள்ளே 1 ஜிபி அளவுத் துண்டுகளாக இருக்கும் விஓபி கோப்புகளைக் கையால் ஒட்டிச் சேர்க்க வேண்டாம். அப்படிச் சேர்த்தவற்றில் நேரக்குறிகள் குழம்பி, ஒலி ஓரிடத்தில் படத்தை விட்டு விலகிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த மூலக் கோப்பை எப்போதும் அழிக்காதீர்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு திருத்தமும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

முழு நீளத்தையும் மாற்றிப் பார்த்து ஏமாறுவதும் வேண்டாம். வேகமான அசைவு உள்ள ஒரு நிமிடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துச் சோதியுங்கள். ஊஞ்சல், நாட்டியம், பக்கவாட்டில் திரும்பும் கேமரா ஆகியவை நல்ல சோதனைக் காட்சிகள். உட்கார்ந்து பேசும் காட்சி எந்தக் கோளாறையும் காட்டிக்கொடுக்காது.

## முதல் சோதனை: தட்டில் இருப்பது எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த ஃபில்டரையும் (படத்தைத் திருத்தும் அமைப்பு) போடக் கூடாது. மூலக் கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்து, வீடியோ பட்டியலில் டீஇன்டர்லேஸ் (பின்னிய வரிகளை முழுப்படங்களாக விரித்துப் பல்லை நீக்குவது) என்பதை 'ஆஃப்' செய்யுங்கள். வழக்கமாக அது 'ஆட்டோமேட்டிக்' நிலையில் இருக்கும். அந்த நிலையில் கோளாறை மறைத்துவிடும், நமக்கு உண்மை தெரியாது. அசைவு உள்ள இடத்தில் நிறுத்தி, ஆங்கில 'ஈ' எழுத்து விசையை ஒவ்வொரு முறையாக அழுத்துங்கள். ஒரு அழுத்தத்துக்கு ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தனிப்படம், நகரும். பத்துப் பதினைந்து ஃபிரேம்களைப் பாருங்கள்.

அசைவு உள்ள ஒவ்வொரு ஃபிரேமிலும் சீப்புப் பல் இருந்தால் அது உண்மையான இன்டர்லேஸ் வீடியோ. பழைய வீடியோ கேமராவில் எடுத்தவை பெரும்பாலும் இப்படித்தான். ஒரு ஃபிரேமின் இரட்டை வரிகள் ஒரு கணத்தையும் ஒற்றை வரிகள் அடுத்த கணத்தையும் சுமக்கின்றன. இந்த இரண்டு பாதிகளையும் இங்கே அரைப்படம் என்கிறேன். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைத் தட்டில் நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 50 அரைப்படம். என்டிஎஸ்சி (NTSC) என்ற மற்றொரு முறைத் தட்டில் 29.97 ஃபிரேம், 59.94 அரைப்படம்.

மூன்று ஃபிரேம் சுத்தமாகவும் இரண்டு ஃபிரேம் பல்லோடும் என்று ஐந்துக்கு ஒரு சுற்றாகத் திரும்பினால், அது நொடிக்கு 24 ஃபிரேம் எடுத்த படச்சுருளை என்டிஎஸ்சி வேகத்துக்கு நீட்டியது. இதற்கு டெலிசினி என்று பெயர். இதற்கான மருந்து வேறு.

எந்த ஃபிரேமிலும் பல்லே இல்லையென்றால் டீஇன்டர்லேஸ் செய்யவே கூடாது. தட்டின் தகவலில் 'இன்டர்லேஸ்' என்று எழுதியிருந்தாலும் கண் சொல்வதையே நம்புங்கள். படச்சுருளில் எடுத்துப் பால் முறைத் தட்டில் பதிந்தவற்றுக்கு இன்டர்லேஸ் முத்திரை குத்தியிருப்பது சாதாரணம். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருள் காட்டுவது அந்த முத்திரையைத்தான், படத்தை அல்ல.

பல் இல்லாமல் ஒரே ஃபிரேமில் இரண்டு வெளிறிய உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், கீழே 'நிழல் உருவம்' பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: நகரும் உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பற்கள்

முதலில் பார்க்க வேண்டியது பிளேயர். மாற்றிய கோப்பு ஒரு கருவியில் மட்டும் பல்லோடு தெரிந்து, விஎல்சியில் நன்றாகத் தெரிந்தால், கோப்பு இன்னும் இன்டர்லேஸாகவே இருக்கிறது. அந்தக் கருவிக்கு அதை விரிக்கத் தெரியவில்லை. கோப்பு கெடவில்லை. ஆனால் செல்பேசியிலும் இணையத்திலும் பார்ப்பதற்கு அதை டீஇன்டர்லேஸ் செய்துவிடுவதுதான் நல்லது.

அடுத்த காரணம், மாற்றும்போது ஃபில்டர் போடாதது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'ஃபில்டர்ஸ்' தாளைத் திறங்கள். டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் 'ஆஃப்' இருந்தால் 'டீகோம்ப்' அல்லது 'பிடபிள்யூடிஃப்' என மாற்றி, ஒரு நிமிடத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானோருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

ஃபில்டர் போட்டும் அங்கங்கே பல் எஞ்சுகிறதா? அதே தாளில் மேலே 'இன்டர்லேஸ் டிடெக்‌ஷன்' என்ற தெரிவு இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்கும்போது, பல் இருப்பதாக மென்பொருள் கருதும் ஃபிரேம்கள் மட்டுமே திருத்தப்படும். இருட்டான காட்சியிலும் மெதுவான அசைவிலும் அதன் கணிப்பு தவறும். உங்கள் தட்டு முழுக்க முழுக்க இன்டர்லேஸ் என்று முதல் சோதனையில் உறுதியாகியிருந்தால் அந்தத் தெரிவை 'ஆஃப்' செய்துவிடுங்கள். எல்லா ஃபிரேமும் விரிக்கப்படும்.

ஐந்துக்கு இரண்டு என்ற சுற்றில் பல். இது டெலிசினி. டீஇன்டர்லேஸை அணைத்து, 'டீடெலிசினி'யை இயக்கி, ஃபிரேம் வேகத்தை 23.976 என நிலையாக வையுங்கள். இங்கே டீஇன்டர்லேஸ் போட்டாலும் பல் மறையும் என்பது உண்மை. ஆனால் தட்டில் முழுதாக இருக்கும் ஃபிரேம்களைப் பாதியாக்கி ஊகத்தால் நிரப்புகிறீர்கள், தெளிவு வீணாகிறது. டீடெலிசினி எதையும் ஊகிக்காது, பிரிந்துகிடக்கும் அரைப்படங்களைச் சரியான இணையோடு சேர்க்கிறது.

பால் முறைத் தட்டிலும் இதன் உறவினர் ஒன்று உண்டு. படச்சுருளில் எடுத்ததுதான், ஆனாலும் எல்லா ஃபிரேமிலும் பல் தெரியும். அரைப்படங்கள் ஓரடி தள்ளி இணைந்திருப்பதே காரணம். அதற்கும் இணைசேர்ப்பதே மருந்து. எஃப்எஃப்எம்பெக் என்ற, கட்டளை எழுதி இயக்கும் மென்பொருளில் 'ஃபீல்டுமேட்ச்' என்ற ஃபில்டர் அதைச் செய்யும்.

பற்கள் தடித்து, அலைபோலவோ பட்டைபட்டையாகவோ இருக்கின்றன. இது நான் மிகவும் வருந்தும் நிலை. யாரோ டீஇன்டர்லேஸ் செய்யாமலே படத்தின் உயரத்தை மாற்றிவிட்டார்கள். 576 வரிகளை 720 ஆகவோ 1080 ஆகவோ நீட்டும்போது இரண்டு கணங்களின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இனி எந்த ஃபில்டராலும் அவற்றைப் பிரிக்க முடியாது. தட்டுக்குத் திரும்புங்கள். முதலில் டீஇன்டர்லேஸ், பிறகுதான் அளவு மாற்றம். இந்த வரிசை ஒருபோதும் மாறக் கூடாது.

## அறிகுறி: அசைவு முன்னும் பின்னும் உதறுகிறது

நடந்துபோகும் ஆள் இரண்டு எட்டு முன்னே வைத்து ஓரெட்டுப் பின்னே வருவதுபோலத் தெரியும். அரைப்பட வரிசை தலைகீழாகியிருக்கிறது.

டிவிடிகளில் பெரும்பாலும் மேல்வரி அரைப்படம் முதலில் வரும். ஆனால் டிஜிட்டல் வீடியோ (DV) வகைச் சிறு கேசட் கேமராக்களின் பதிவில் கீழ்வரி முதலில். அந்தப் பதிவைக் கணினியில் தொகுத்துத் தட்டாக்கியவர் வரிசையைத் தவறாகக் குறித்திருந்தால் தட்டே உதறும்.

சோதனை எளிது. டீஇன்டர்லேஸ் ஃபில்டரின் வரிசையை 'மேல்வரி முதலில்' என்று கட்டாயப்படுத்தி ஒரு நிமிடம், 'கீழ்வரி முதலில்' என்று ஒரு நிமிடம் எடுங்கள். இரண்டையும் நொடிக்கு 50 அல்லது 59.94 ஃபிரேம் தரும் முறையில் எடுக்க வேண்டும். பாதி வேகத்தில் எடுத்தால் தவறு ஒளிந்துகொள்ளும். எது வழுக்கிக்கொண்டு ஓடுகிறதோ அதுவே சரி.

இன்னொரு காரணமும் உண்டு, பலர் அறியாதது. கேசட்டிலிருந்து வந்த படத்தின் அடியில் கிழிந்ததுபோல் ஒரு பட்டை நடுங்கும். அதை அகற்றவோ கறுப்பு விளிம்பை நீக்கவோ படத்தை வெட்டுவார்கள். டீஇன்டர்லேஸ் செய்யுமுன் மேல்பக்கத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரிகளை வெட்டினால் மேல்வரி கீழ்வரியாகிவிடும். வெட்ட வேண்டுமென்றால் டீஇன்டர்லேஸுக்குப் பிறகு வெட்டுங்கள்.

## அறிகுறி: பல் இல்லை, ஆனால் அசைவு துள்ளித் துள்ளி ஓடுகிறது

தொலைக்காட்சியில் டிவிடி பிளேயரில் போட்டால் நீரோட்டம்போல ஓடுகிறது, கோப்பில் மட்டும் வெட்டி வெட்டி ஓடுகிறது என்று சொல்வார்கள். கண் சரியாகத்தான் சொல்கிறது. தட்டில் நொடிக்கு 50 கணங்கள் இருந்தன. சாதாரண டீஇன்டர்லேஸ் அவற்றில் பாதியை எறிந்துவிட்டு 25 மட்டும் தருகிறது.

ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸின் முன்னமைவை 'பாப்' என மாற்றுங்கள். ஒவ்வொரு அரைப்படமும் ஒரு முழு ஃபிரேமாகும். கூடவே 'வீடியோ' தாளில் ஃபிரேம் வேகத்தைப் பாருங்கள். அங்கே 25 அல்லது 30 என்ற உச்சவரம்பு இருந்தால், பாப் விரித்ததை அது மறுபடி பாதியாக்கிவிடும். 'மூலத்தில் உள்ளபடியே' என்று வையுங்கள். முடிந்த கோப்பை மீடியாஇன்ஃபோவில் திறந்தால் 50 அல்லது 59.94 என்று காட்ட வேண்டும்.

நாட்டியம், விளையாட்டு, குழந்தைகளின் ஓட்டம் ஆகியவற்றுக்கு நான் எப்போதும் இதையே செய்கிறேன். கோப்பு சற்றுப் பெரிதாகும். அந்த அசைவில்தான் ஆளின் உயிர் இருக்கிறது. அதற்குமுன் கோப்பின் அளவு பொருட்டல்ல.

டெலிசினி வகைப் படத்தில் துள்ளல் தெரிந்தால் காரணம் வேறு. ஐந்தில் ஒரு ஃபிரேம் இரட்டிப்பாக நிற்கிறது. மேலே சொன்ன டீடெலிசினிக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி: நிழல் உருவம்

கை அசையும்போது கூடவே ஒரு வெளிறிய கை. இரண்டு காரணங்கள்தான்.

மாற்றிய மென்பொருளில் 'பிளெண்ட்' என்ற டீஇன்டர்லேஸ் முறை இருந்திருக்கலாம். அது இரண்டு அரைப்படங்களையும் சராசரியாக்கிக் குழைத்துவிடும். மூலக் கோப்பை முதல் சோதனைப்படி ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். அதில் நிழல் இல்லையென்றால் பிளெண்டைக் கைவிட்டு பிடபிள்யூடிஃப் கொண்டு மறுபடி எடுங்கள்.

மூலத்திலேயே நிழல் இருந்தால், என்டிஎஸ்சி பதிவைப் பால் தட்டாகவோ அதன் மறுதலையாகவோ மாற்றியபோது ஃபிரேம்களைக் குழைத்திருக்கிறார்கள். இதற்கு வீட்டில் செய்யக்கூடியது குறைவு. நிரல் எழுதி வீடியோவைத் திருத்தும் ஏவிஐசிந்த் மென்பொருளில் பழகியவர்கள் எஸ்ரெஸ்டோர் என்ற நிரல்தொடரால் சில தட்டுகளில் குழையாத ஃபிரேம்களைத் தேடி எடுத்துச் சேர்க்கிறார்கள். அது எல்லாத் தட்டுக்கும் பலிப்பதில்லை. அசல் கேசட் எங்காவது இருந்தால் அதைத் தேடுவதே மேல்.

## அறிகுறி: அசையாத காட்சியும் மங்கலாக இருக்கிறது

இங்கே அவசரப்பட்டு 'ஷார்ப்பன்' போடுவார்கள். மங்கல் அப்படியே இருக்க, ஓரங்களில் வெள்ளைக்கோடு மட்டும் சேரும். காரணத்தைத் தேடுங்கள்.

முதலில் மூலக் கோப்பையும் மாற்றிய கோப்பையும் ஒரே கணத்தில் நிறுத்தி, ஒரே அளவில் அருகருகே வையுங்கள். முடி, புடவைக் கரை, எழுத்து ஆகியவற்றைப் பாருங்கள். மூலமும் அதே அளவு மங்கலென்றால் குறை மாற்றத்தில் இல்லை.

மூலம் தெளிவாக இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள். தேவையில்லாத டீஇன்டர்லேஸ் போட்டிருக்கிறதா? பல்லே இல்லாத படத்துக்கு அதைப் போட்டால் மெல்லிய குறுக்குக்கோடுகள் தேயும். அடுத்து, 'டீநாய்ஸ்' இயங்குகிறதா? கேசட் வழி வந்த படத்தில் பொரிப்பொரியான இரைச்சல் இருக்கும். அதை முழுக்கத் துடைத்தால் தோலின் இயல்பும் சேர்ந்து போய்விடும். மென்மையான அளவுக்குமேல் போகாதீர்கள்.

அடுத்தது சுருக்கும் அளவு. ஹேண்ட்பிரேக்கில் தர எண் சிறிதாக இருக்க இருக்கத் தரம் கூடும். டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை என்பது அதன் பரிந்துரை. நான் கேசட் வழி வந்தவற்றுக்கு 18-ஐ ஒட்டி வைக்கிறேன். இரைச்சல் உள்ள படம் அதிக இடம் கேட்கும். கடைசியாக, படத்தை 1080 வரிக்கு நீட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். டிவிடியில் இருப்பது 720×576 அல்லது 720×480 புள்ளிகள் மட்டுமே. நீட்டுவதால் விவரம் பிறக்காது. மூல உயரத்திலேயே விடுங்கள். நீட்டுவதைப் பார்க்கும் திரை செய்துகொள்ளும்.

மூலமே மங்கலென்றால் மீடியாஇன்ஃபோவில் அதன் அளவைப் பாருங்கள். டிவிடி ரெக்கார்டரில் ஒரே தட்டில் ஆறு மணி நேரம் அடைத்திருந்தால், 4.7 ஜிபி தட்டில் நொடிக்குச் சுமார் 1.7 மெகாபிட்தான் கிடைத்திருக்கும். ஒரு மணி நேரப் பதிவுக்குக் கிடைத்ததில் ஆறில் ஒரு பங்கு. அகலம் 352 என்று காட்டினால் பாதி விவரம் பதியும்போதே போய்விட்டது. 352×288 என்றால் ஒரு அரைப்படமே முழுதாகப் போய்விட்டது. அதில் டீஇன்டர்லேஸுக்கும் வேலையில்லை. இருப்பதைக் கெடுக்காமல் எடுத்துவைப்பதே அந்தத் தட்டுக்குச் செய்யக்கூடிய நன்மை.

## அறிகுறி: மெல்லிய கோடுகள் நடுங்குகின்றன

பல் போய்விட்டது, ஆனால் ஜன்னல் கம்பி, படிக்கட்டு விளிம்பு, எழுத்தின் குறுக்குக்கோடு ஆகியவை மினுமினுவென்று நடுங்குகின்றன. வேகமான டீஇன்டர்லேஸ் முறைகளின் எல்லை இது.

யாடிஃப் என்ற டீஇன்டர்லேஸ் முறையைப் பயன்படுத்தியிருந்தால் பிடபிள்யூடிஃப்புக்கு மாறுங்கள். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்கும். அதுவும் போதாதென்றால் கியூடிஜிஎம்சி என்ற டீஇன்டர்லேஸ் நிரல்தொடர். ஏவிஐசிந்த் அல்லது வேப்பர்சிந்த் வழியாக இயங்குவது. நிரல் எழுத விரும்பாதவர்கள் ஹைபிரிட் என்ற இலவச மென்பொருளில் பொத்தானை அழுத்தியே அதைப் பயன்படுத்தலாம். முன்னும் பின்னும் உள்ள அரைப்படங்களை ஒப்பிட்டு விவரத்தை மீட்பதால் மிக மெதுவாக ஓடும். இரண்டு மணி நேரத் தட்டை இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம். மீண்டும் எடுக்கவே முடியாத பதிவுகளுக்கு இந்தப் பொறுமை தகும். அதன் இயல்பான அமைப்பு படத்தைச் சற்று வழவழப்பாக்கும். அது பிடிக்காவிட்டால் இரைச்சல் நீக்கும் பகுதியைக் குறையுங்கள்.

## அறிகுறி: ஆட்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிகிறார்கள்

டிவிடியின் புள்ளிகள் சதுரமல்ல. 720×576 படம் 4:3 என்றால் 768×576 ஆகவும், 16:9 என்றால் 1024×576 ஆகவும் விரிய வேண்டும். 480 வரித் தட்டுக்கு 640 அல்லது 854 அகலம். ஹேண்ட்பிரேக்கின் 'டைமென்ஷன்ஸ்' தாளில் அனமார்ஃபிக் (சதுரமல்லாத புள்ளிகளுக்கான அமைப்பு) 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கட்டும். தட்டிலேயே விகிதம் தவறாகக் குறித்திருந்தால், படத்தில் வட்டமான ஏதாவது ஒன்றைத் தேடிப்பிடித்து, அது வட்டமாகும்வரை அகலத்தை மாற்றுங்கள். உயரத்தைத் தொட வேண்டாம்.

## அறிகுறி: சிவப்பு நிற ஓரங்களில் மட்டும் படிக்கட்டு

கறுப்பு வெள்ளைப் பகுதிகள் சுத்தமாக இருக்க, சிவப்புத் துணியின் ஓரம் மட்டும் வரிவரியாக உடைந்திருக்கும். டிவிடியில் நிற விவரம் பாதி வரிகளுக்கே உண்டு. இன்டர்லேஸ் படத்தின் நிறத்தை முழுப்படமாக எண்ணி விரித்தால் இப்படி ஆகும். இடையில் எந்த மென்பொருளும் நிற வடிவத்தை மாற்றாமல், மூலக் கோப்பிலிருந்து நேரே டீஇன்டர்லேஸுக்குப் போனால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

## அறிகுறி: கட்டங்கட்டமாக உடைகிறது, உறைந்து நிற்கிறது

இது இன்டர்லேஸ் கோளாறு அல்ல. தட்டைப் படிப்பதில் சிக்கல். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம், பற்பசை போன்றவற்றைப் பூசவே வேண்டாம். பிறகு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் மறுத்ததை இன்னொன்று படித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருளைக் கொண்டு தட்டின் முழு நகலெடுங்கள். அது படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். அதே நகலை இரண்டாவது டிரைவிலும் தொடரலாம்.

தட்டு வெறுமையானது என்று கணினி சொல்லி, அடியில் எழுதிய வளையம் கண்ணுக்குத் தெரிந்தால், ரெக்கார்டரில் பதிவை முடித்து மூடாமல் விட்டிருக்கலாம். பதிந்த அதே ரெக்கார்டர் இருந்தால் அதில் போட்டு 'ஃபைனலைஸ்' செய்யுங்கள்.

விரிசல் விட்ட தட்டைச் சுழலவிடாதீர்கள். விளிம்பில் இரண்டு அடுக்கும் பிரியத் தொடங்கிய தட்டையும் அப்படியே நிறுத்திவிடுங்கள். இரண்டு டிரைவும் டிடிரெஸ்கியூவும் தோற்ற இடத்திலும் நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் மிச்சத்தைக் குறைக்கலாம். தரவு மீட்பவரிடம் போக வேண்டிய நேரம் அது. தெளிவான பக்கத்தின் மேல்கீறல் மட்டுமென்றால் இயந்திரத்தால் மெருகேற்றியே அவர்கள் மீட்டுவிடலாம்.

## அறிகுறி: நேர்கோடுகள் நெளிகின்றன

கதவின் நிலை, தூண் போன்ற செங்குத்துக் கோடுகள் பாம்பாக வளைந்தால், கேசட்டிலிருந்து தட்டுக்கு ஏற்றியபோது வரிகளின் நேரம் சீராகவில்லை. தட்டிலிருந்து இதைத் திருத்த நல்ல வழி இல்லை. கேசட் இருந்தால், வரிகளின் நேரத்தைச் சீராக்கும் 'டைம் பேஸ் கரெக்டர்' கருவி வைத்திருக்கும் தொழில்முறை மாற்றுநரிடம் கொடுங்கள்.

கொடுக்கும்போது மூன்றை எழுதியே கேளுங்கள். படம் 720×576 அல்லது 720×480 அளவிலேயே வர வேண்டும். இன்டர்லேஸ் கலையாமல், அரைப்படங்கள் தொடப்படாமல், நீட்டப்படாமல் இருக்க வேண்டும். எந்த அரைப்படம் முதலில் என்பதைக் குறித்துத் தர வேண்டும். பார்ப்பதற்கான கோப்பை அவர் தனியாகத் தரட்டும், அல்லது மேலே சொன்னபடி நீங்களே எடுத்துக்கொள்ளலாம். கேசட்டையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.